கழுத்துக்குள் ஐந்து ஜூல்: ரேடியோ அயோடின் குடித்த அனுபவமும் ஒரு பால் பாக்கெட் கணக்கும்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் போன வருடம் தைராய்டுக்காக ரேடியோ அயோடின் குடித்துவிட்டு வந்தேன். எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. குறை சொல்கிற இடங்களும் இதில் வருகின்றன, அவர்கள் மேல் எனக்குப் பெரிய கோபமும் இல்லை. மருத்துவமனைக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள் பெரும்பாலும் டாக்டர் நன்றாகப் பேசினார், பார்க்கிங் வசதி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறவள். இருபத்தெட்டு வருடமாகக் கதிரியக்கப் பாடம் நடத்திவிட்டு, அந்தப் பாடத்தையே ஒரு நாள் ஸ்ட்ரா போட்டுக் குடிக்க வேண்டி வந்தது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி கணக்காக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வந்தது கிரேவ்ஸ் நோய். தைராய்டு சுரப்பி யார் பேச்சையும் கேட்காமல் ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும், எட்டு கிலோ இறங்கிவிட்டேன், கரும்பலகையில் நேர்கோடு போட்டால் அலையாக வரும், பிள்ளைகள் 'டீச்சர், அது குறுக்கலையா நெட்டலையா' என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒன்றரை வருடம் அந்த ஹார்மோனைக் குறைக்கிற நியோமெர்கசோல் மாத்திரை சாப்பிட்டேன். நிறுத்தினால் இரண்டே மாதத்தில் திரும்பி வந்துவிடும். ஆபரேஷனா அயோடினா என்று டாக்டர் கேட்டார். தைராய்டு அயோடினை உறிஞ்சுகிற சுரப்பி, கதிரியக்க அயோடினைக் கொடுத்தால் அதையும் உறிஞ்சிக்கொண்டு உள்ளே இருந்தே கதிரால் அடிபடும். கத்தி வேண்டாம் என்று அயோடினுக்குத் தலையாட்டினேன்.

முதல் குறை இங்கேயே. ரிசப்ஷனில் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்கள். மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, கடல் மீன், முட்டை, பால் எல்லாம் தவிர்த்து, வெறும் வயிற்றோடு போய் நின்றால், 'மருந்து வியாழக்கிழமைதானே வரும், யார் உங்களை இன்றைக்கு வரச் சொன்னது' என்று அதே ரிசப்ஷனில் கேட்கிறார்கள். மாத்திரை இல்லாத உடம்போடு இரண்டு நாள் கூடுதலாகத் துடித்துக்கொண்டு கிடந்தேன். இது மற்ற மருந்து மாதிரி அலமாரியில் வைத்து எடுத்துக் கொடுக்கிற சரக்கு இல்லை. அயோடின் 131இன் அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், எட்டு நாள். ஒரு நாள் தள்ளினாலே நூற்றுக்கு எட்டுப் பங்கு போய்விடும், நம்மூர் மல்லிகைப் பூ மாதிரி. மும்பையில் அணுசக்தித் துறையின் பிரிட் நிறுவனம் தயாரித்து அனுப்புகிறது, வந்த வேகத்தில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்துக் கொடுத்துவிட வேண்டும். இவ்வளவு கறாரான சரக்குக்குத் தேதி சொல்கிற இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகமும் தொங்கவிட்ட பேனாவும் மட்டும்தான் இருந்தன.

உப்புக்கு ஒரு துணைக் கதை. வீட்டில் இருப்பதெல்லாம் அயோடின் கலந்த உப்பு, இந்தச் சிகிச்சைக்கு முன் அது ஆகாது. கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் இந்துப்பு வாங்கிச் சமாளித்தோம். எதற்கு இந்தக் கெடுபிடி என்று வீட்டுக்காரர் கேட்டார். எனக்குக் கொடுத்த கதிரியக்க அயோடினின் எடையைப் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு கிராமைக் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட வரவில்லை, ஏறத்தாழ 80 நானோகிராம். நாம் ஒரு நாளைக்குச் சாப்பிட வேண்டிய சாதாரண அயோடின் 150 மைக்ரோகிராம், அதாவது இதைப் போல ஆயிரத்து எண்ணூறு மடங்குக்கு மேல். சுரப்பிக்கு எது சாதா எது கதிரியக்கம் என்று தெரியாது. முதலில் பந்தியில் உட்கார்ந்தவனுக்குத்தான் இலை. ஆகவே வயிற்றைக் காயப்போட்டு அதைப் பசியோடு வைத்திருக்க வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு வருகிறேன். முதலில் உறிஞ்சும் அளவு பார்க்கிற சோதனை. துளியூண்டு அயோடின் கொடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாள் அதே நேரத்திலும் கழுத்துக்கு நேராக ஒரு குழாய் மாதிரியான கருவியை வைத்து எண்ணுகிறார்கள். அப்புறம் தொடையிலும் ஒருமுறை வைத்தார்கள். தொடையில் தைராய்டு ஏது என்று யோசித்தேன், ரத்தத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு என்று பார்த்துக் கழுத்துக் கணக்கில் இருந்து கழிப்பதற்காம். அழகான யோசனை. நூற்றுக்கு அறுபது சுரப்பிக்குள் போயிருக்கிறது என்று வந்தது. நோய் இல்லாதவர்களுக்கு இருபது முப்பதைத் தாண்டாது.

மருந்து கொடுக்கிற அறை நன்றாக இருந்தது, சுத்தம். அங்கே ஒரு மருத்துவ இயற்பியலாளர், முப்பது வயதுத் தம்பி, ஈயப் பானைக்குள் இருந்த சின்னக் கண்ணாடிக் குப்பியை இடுக்கியால் எடுத்து ஒரு கிணறு மாதிரி கருவிக்குள் இறக்கினார். திரையில் 10.1 மில்லிகியூரி என்று வந்தது. திரும்ப ஈயப் பானைக்குள் வைத்து, நீளமான ஸ்ட்ரா போட்டு, 'குனிஞ்சு உறிஞ்சுங்க டீச்சர், கையால எதையும் தொடாதீங்க' என்றார். தண்ணீர்தான். ருசி, வாசனை, சூடு எதுவும் இல்லை. குப்பியில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்க வைத்தார், அடியில் ஒட்டியிருப்பதும் கணக்கில் சேரவேண்டும் என்று. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாஸ்டனில் 1941இல் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் முதன்முதலாக ஒரு தைராய்டு நோயாளிக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார். அன்றும் இப்படிக் குடிக்கக் கொடுத்ததுதான்.

குடித்து முடித்ததும் ஒரு மீட்டர் தள்ளி நின்று கருவியைக் காட்டினார். மணிக்கு 18 மைக்ரோ சீவர்ட். சீவர்ட் என்பது கதிரால் உடம்புக்கு வரக்கூடிய தீங்கை அளக்கிற அலகு. ஒரு மீட்டரில் 50க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பலாம் என்பது இங்கே உள்ள விதி. புற்றுநோய்க்குக் கொடுக்கும் பெரிய அளவுகளுக்குத்தான் தனி அறையில் அடைத்து வைப்பார்கள்.

அப்போதுதான் என் கேள்வியைக் கேட்டேன். 'தம்பி, பத்து மில்லிகியூரி உள்ளே போயிருக்கு, சரி. என் சுரப்பி எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கும்? எத்தனை கிரே?' ஒரு கிலோ எடைக்கு ஒரு ஜூல் கதிர் ஆற்றல் விழுந்தால் அது ஒரு கிரே. பக்கத்தில் நின்ற நர்ஸ், இதையெல்லாம் டாக்டர் பார்த்துக்குவார் அம்மா என்றார். டாக்டரிடம் கேட்டேன். 'பத்து இல்லாட்டி பதினஞ்சு, பெரும்பாலும் எல்லாருக்கும் இதுதான், கவலைப்படாதீங்க' என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. தையல்காரர் இஞ்ச் டேப்பை எல்லாம் வைத்து ஆளை அளந்துவிட்டு, கடைசியில் ரெடிமேட் சட்டையை நீட்டினால் எப்படி இருக்கும்? டிஸ்சார்ஜ் தாளிலும் கொடுத்த மில்லிகியூரி மட்டும்தான் இருந்தது. மில்லிகியூரி என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அணு சிதைகிறது என்ற கணக்கு. எவ்வளவு அடி விழுந்தது என்பது அதில் வராது. பட்டாசுக் கடையில் எத்தனை சரம் வாங்கினோம் என்பதும், எந்த அறைக்குள் வைத்துக் கொளுத்தினோம் என்பதும் வேறு வேறு விஷயம்.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். தனி அறை, தனித் தட்டு, பேச ஆள் இல்லை, கணக்குப் போட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. பத்து மில்லிகியூரி என்றால் 370 மெகா பெக்கரல், வினாடிக்கு 37 கோடிச் சிதைவு. அதில் அறுபது சதவீதம் கழுத்தில், ஆக 22 கோடியே 20 லட்சம். ஒவ்வொரு சிதைவிலும் வெளிவருகிற பீட்டாவின், அதாவது வேகமாகப் பாய்கிற எலக்ட்ரானின், சராசரி ஆற்றல் 0.19 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஜூலாக மாற்றினால் தசமப் புள்ளிக்குப் பின் பதின்மூன்று பூஜ்யம் போட்டு அப்புறம் ஒரு மூன்று. எத்தனை நாள் இப்படிச் சிதையும்? பாடப் புத்தகப்படி எட்டு நாள் அரை ஆயுட்காலம் என்று போட்டேன். வந்த விடையை என் எடை 62 கிலோவால் வகுத்தேன். 0.11 கிரே. அட, இவ்வளவுதானா, இதற்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று நினைத்துக்கொண்டு தூங்கிவிட்டேன்.

மறுவாரம் அளவு பார்க்கப் போனபோது அந்தத் தம்பியிடம் தாளை நீட்டினேன். பார்த்தார், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தார், சிரித்தே விட்டார். 'கழுத்துல விழுற அடிய உடம்பு பூராவுக்கும் பங்கு போட்டுட்டீங்களே டீச்சர்.' இருபத்தெட்டு வருட சர்வீஸ். பரவாயில்லை.

இரண்டு தப்பு செய்திருந்தேன். ஒன்று அவர் சொன்னதுதான். அயோடின் 131இன் பீட்டா திசுவுக்குள் போகிற தூரம் அதிகபட்சம் இரண்டு மில்லிமீட்டர் போல, சராசரியாக அரை மில்லிமீட்டருக்கும் கீழே. சுரப்பிக்குள் கிளம்பியது அநேகமாகச் சுரப்பிக்குள்ளேயே முடிந்துவிடும். ஆகவே 62 கிலோவால் வகுக்கக் கூடாது, சுரப்பியின் எடையால் வகுக்க வேண்டும். அல்ட்ராசவுண்டில் என் சுரப்பி 40 கிராம் என்று வந்திருந்தது, சாதாரணமாக இருபதுதான் இருக்கும். அதே அயோடினில் இருந்து வருகிற காமா கதிர் வேறு ரகம், அதில் பெரும்பகுதி உடம்பை விட்டு வெளியே போய்விடும், கருவியில் 18 காட்டியதும் அதுதான், சுரப்பிக்கு விழுகிற அடியில் அதன் பங்கு சொற்பம்.

இரண்டாவது தப்பு கொஞ்சம் சூட்சுமமானது. அயோடின் அணு சிதைந்துதான் குறையவேண்டும் என்று இல்லை, சிதையாமலே ஹார்மோனோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் கலந்து சிறுநீரில் வெளியேறவும் செய்யும். என் சுரப்பியில் அப்படிப் பாதி வெளியேற 24 நாள் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். அப்போது இரண்டும் சேர்ந்தால் எத்தனை நாள்? ஏழாம் வகுப்பில் நாம் எல்லோரும் போட்டுத் திட்டு வாங்கிய அதே தொட்டிக் கணக்கு. ஒரு குழாய் தொட்டியை எட்டு மணி நேரத்தில் காலி செய்யும், இன்னொன்று இருபத்து நான்கு மணி நேரத்தில், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது காலியாகும்? எட்டில் ஒன்று கூட்டல் இருபத்து நான்கில் ஒன்று, ஆறில் ஒன்று. ஆக ஆறு. இதற்குப் பயனுறு அரை ஆயுட்காலம் என்று பெயர். குழாய்க் கணக்கு வாழ்க்கையில் எதற்கு சார் உதவும் என்று கேட்காத பிள்ளை இல்லை, இனி என்னிடம் கேட்டால் கழுத்தைத் தொட்டுக் காட்டுவேன்.

அப்புறம் எல்லாம் நேர் வழி. அரை ஆயுட்காலம் ஆறு நாள் என்றால் சராசரி ஆயுட்காலம் அதை 1.44ஆல் பெருக்கினால் வருவது, 8.66 நாள், வினாடியில் ஏழு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போகிற சிதைவு வேகத்தை, குறையாமல் 8.66 நாள் ஓடிவிட்டுச் சட்டென்று நின்ற மாதிரி எடுத்துக்கொள்ளலாம், கூட்டுத்தொகை ஒன்றுதான். 22 கோடியே 20 லட்சத்தை இதனால் பெருக்கினால் சுரப்பிக்குள் நடக்கிற மொத்தச் சிதைவு 166 லட்சம் கோடி. நான் லட்சம் கோடி என்ற சொல்லை பட்ஜெட்டில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அதை ஒரு சிதைவுக்கான ஆற்றலால் பெருக்கினால் 5.05 ஜூல். 0.04 கிலோவால் வகுத்தால் 126 கிரே. கிரேவ்ஸ் நோய்க்கு வழக்கமாகக் குறிவைக்கிற அளவுகளுக்குள் இது கச்சிதமாக உட்கார்கிறது.

சரிபார்க்க அவர் ஒரு பழைய வாய்பாட்டையும் எழுதினார், 1948இல் மாரினெல்லி, குவிம்பி, ஹைன் என்ற மூவர் கொடுத்தது. ஒரு கிராமில் உள்ள மைக்ரோகியூரி, சராசரி ஆற்றல், பயனுறு அரை ஆயுட்காலம் நாளில், மூன்றையும் பெருக்கி 73.8ஆல் பெருக்க வேண்டும். 150, 0.19, 6. பெருக்கினால் பன்னிரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் ராட், அது கிரேக்கு முந்தைய பழைய அலகு, நூறால் வகுத்தால் அதே 126 கிரே. பில்லின் பின்பக்கத்தில், நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்து, இரண்டே நிமிடத்தில். அதிலே விழுந்துவிட்டேன். இன்றைக்கு இதற்கு மிர்டு (MIRD) என்று ஒரு முறை இருக்கிறது, எந்த உறுப்பில் இருந்து கிளம்பிய ஆற்றலில் எத்தனை பங்கு எந்த உறுப்பில் போய் விழுகிறது என்று உறுப்புக்கு உறுப்பு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள், கணினியில் மனித உருவத்தைக் கட்டி அதற்குள் கதிரை ஓடவிட்டு எடுத்த எண்கள். ஆனால் உள்ளே இருப்பது இதே குழாய்க் கணக்குதான்.

சரி, ஐந்து ஜூல் என்றால் எவ்வளவு? ஆவின் அரை லிட்டர் பால் பாக்கெட்டைத் தரையில் இருந்து எடுத்து ஒரு மீட்டர் உயர மேசை மேல் வைத்தால் செலவாகிற ஆற்றல். காலையில் பால்காரர் வாசலில் போட்டுவிட்டுப் போனதைக் குனிந்து எடுக்கிறோமே, அவ்வளவுதான். வெப்பமாகப் பார்த்தால் என் சுரப்பி ஒரு டிகிரியில் முப்பதில் ஒரு பங்குகூடச் சூடாகியிருக்காது, அதுவும் பல வாரங்களில் பரவி. இந்த ஐந்து ஜூலில் நாற்பது கிராம் சுரப்பி ஒன்று செத்து ஒடுங்கிவிட்டது.

எனக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெந்நீர் பட்டால் ஆற்றல் எல்லா மூலக்கூறுக்கும் சமமாகப் பங்காகிவிடும், யாருக்கும் பெரிதாகக் கிடைக்காது. பீட்டா துகள் அப்படிப் பங்கு வைக்காது. போகிற வழியில் இங்கொன்று அங்கொன்றாக அணுக்களில் இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு பிடுங்கலுக்கும் சராசரி முப்பத்து நான்கு எலக்ட்ரான் வோல்ட் போல, டிஎன்ஏ இழையை அறுக்க அது தாராளம். ஊருக்கே ஆளுக்கு ஒரு பைசா கொடுப்பதற்கும், அதே பணத்தை மொத்தமாகக் கூலிப்படைக்குக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். உடம்பு முழுக்க ஒரே நேரத்தில் நான்கு கிரே விழுந்தால், சிகிச்சை இல்லாதபோது பாதிப் பேர் பிழைப்பது கஷ்டம். எழுபது கிலோ ஆளுக்கு அது 280 ஜூல், சூடான காபியில் ஒரு சின்ன வாய் குடித்தால் உடம்புக்குள் போகிற வெப்பம்.

அடுத்து ஒரு பொறி இருக்கிறது, என்னை மாதிரி அரைகுறையாகத் தெரிந்தவர்கள் நேராகப் போய் விழுவார்கள். ஓர் உறுப்பில் விழுந்த அடியை முழு உடம்புக்கான ஆபத்தாக மாற்றப் பெருக்குகிற எண்ணுக்கு எடைக்காரணி என்று பெயர், தைராய்டுக்கு அது 0.04 என்று புத்தகத்தில் இருக்கும். 126ஐ அதனால் பெருக்கினால் ஐந்து சீவர்ட், ஐயோ, உயிர் போகிற அளவாயிற்றே! போகாது. உடம்பு முழுக்க மெலிதாகப் படுகிற கதிரால் எதிர்காலத்தில் எவ்வளவு ஆபத்து என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உருவாக்கிய அளவு அது, ஒரு உறுப்பை வேண்டுமென்றே அழிக்கிற சிகிச்சைக்கு அதைப் போடக் கூடாது. இங்கே கிரேயோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் மட்டும் அந்த இரவு இதைப் போட்டிருந்தால், 0.11 என்று நிம்மதியாகத் தூங்கியதற்குப் பதில் வீட்டையே எழுப்பியிருப்பேன்.

ரெடிமேட் சட்டைப் புகாரையும் தம்பியிடம் விடவில்லை. ஏன் ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டுக் கொடுப்பதில்லை? அவர் பதில் நியாயமாகவே இருந்தது. 40 கிராம் என்பது அல்ட்ராசவுண்ட் சொல்வது, இன்னொருவர் பார்த்தால் 50 என்பார், அங்கேயே 126 கிரே 101 ஆகிவிடும். 24 நாள் என்பதும் அனுமானம். ஒழுங்காகக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் என்னை வரவழைத்து எண்ணவேண்டும். அயோடின் சுரப்பிக்குள் சீராகப் பரவும் என்பதும் நினைப்புதான், ஓர் இடத்தில் குவியலாகவும் பக்கத்தில் வெறிச்சென்றும் இருக்கலாம். கிரேவ்ஸ் நோய்க்கு இப்படிக் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களையும், எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் குணமாவதில் பெரிய வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லையாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013இல் வந்த உத்தரவு, கதிர் சிகிச்சை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஆள் திட்டமிடச் சொல்கிறது, உள்ளே கொடுக்கிற மருந்துகளையும் சேர்த்து. எனக்கு இரண்டு பக்கமும் புரிகிறது. கணக்கை வைத்து மருந்தை மாற்ற வேண்டாம், ஆனால் டிஸ்சார்ஜ் தாளில் உறிஞ்சிய சதவீதம், சுரப்பியின் எடை, உத்தேச கிரே என்று ஒரு வரி சேர்ப்பதில் மருத்துவமனைக்கு என்ன குறைந்துவிடும்? இரண்டு நிமிட வேலை என்று என் கண் முன்னாலேயே நிரூபித்துவிட்டாரே. அரை நட்சத்திரம் இதற்காகவே கழிக்கிறேன்.

அந்தத் தம்பி சொன்ன இன்னொரு விஷயம் மனதிலேயே நிற்கிறது. என் கணக்கு சுலபமாம், எவ்வளவு உள்ளே போனது என்று குடிப்பதற்கு முன்பே தெரியும். விபத்தில் யாருக்காவது உள்ளே போய்விட்டால் எல்லாம் தலைகீழ். 1987 செப்டம்பரில் பிரேசிலின் கோயானியா நகரத்தில் கைவிட்டுப்போன ஒரு சிகிச்சை மையத்தில் இருந்து சீசியம் 137 இருந்த பாகத்தைக் கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்கிற தூள், அழகாக இருக்கிறதென்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் பங்கு கொடுத்தார்கள். கையில் தேய்த்துக்கொண்டார்கள், அதே கையால் சாப்பிட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை. லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் சீசியம் ஒட்டியோ உள்ளே போயோ இருந்தது. யார் எவ்வளவு தின்றார்கள் என்று எவருக்கும் தெரியாது. சிறுநீரையும் மலத்தையும் நாள்தோறும் அளந்து, உடம்பு முழுவதையும் எண்ணுகிற கருவியில் படுக்க வைத்து, இன்றைக்கு இவ்வளவு வெளியே வருகிறது என்றால் அன்றைக்கு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார்கள்.

குழாய்க் கணக்கு அங்கேயும் வருகிறது, ஆனால் குழாய்கள் இடம் மாறிவிடுகின்றன. சீசியம் சிதைந்து பாதியாக முப்பது வருடம், அந்தக் குழாயை நம்பிப் பயன் இல்லை. உடம்பு தானாக வெளியேற்றிப் பாதியாக்க நூற்றுப் பத்து நாள் போல. அதனால் பிரஷ்யன் நீலம் என்கிற சாயத்தை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள், குடலில் சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போய்விடும், நூற்றுப் பத்து நாள் என்பது முப்பது நாள் அளவுக்குக் குறைந்துவிடும். இரண்டாவது குழாயை அகலப்படுத்துவது. நாட்களை மூன்றில் ஒன்றாக்கினால் ஜூலும் அதே அளவுக்குக் குறையும், ஏற்கனவே விழுந்துவிட்டது போக. சீசியம் சுரப்பியைத் தேடிப் போவதும் இல்லை, பொட்டாசியம் மாதிரி தசையெல்லாம் பரவிவிடும், அங்கே மட்டும் என் முதல் கணக்கு மாதிரி முழு உடம்பு எடையால் வகுப்பது சரி. பொட்டாசியம் என்றதும் ஞாபகம் வருகிறது, நம் எல்லோர் உடம்பிலும் கதிரியக்கப் பொட்டாசியம் 40 வினாடிக்கு நாலாயிரத்துச் சொச்சம் தடவை சிதைந்துகொண்டே இருக்கிறது. என் சுரப்பி வாங்கிய ஐந்து ஜூலை அந்தப் பொட்டாசியம் ஒரு ஆளுக்குக் கொடுத்து முடிக்க ஏறக்குறைய நானூறு வருடம் ஆகும்.

வீட்டில் கடைப்பிடிக்கச் சொன்ன கட்டுப்பாடுகள் பற்றி. தாள் ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் நகலுக்கு நகல் எடுத்து எழுத்து பாதி அழிந்து போனது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உசிலம்பட்டிக்கார அம்மாவுக்கு நான்தான் படித்துச் சொன்னேன்: தனியாகப் படுக்கணும், டாய்லெட்டில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றணும், நிறையத் தண்ணீர் குடிக்கணும், சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் கிட்டே விடக்கூடாது. 'பேரப்பிள்ளையத் தொடக்கூட கூடாதா தாயி' என்று கேட்டார். எனக்கும் வீட்டில் இரண்டு வயதுப் பேரன்.

காரணம் சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்னும் நிம்மதியாக இருந்திருப்பார். தூரம் ஒரு காரணம், ஒரு மீட்டரில் 18 என்றால் இரண்டு மீட்டரில் நாலரைதான். ஆனால் பெரிய காரணம் எச்சில். என் டம்ளரில் ஒரு வாய் குடித்தால் அயோடின் குழந்தையின் சுரப்பிக்குள் போய்விடும், அந்தச் சுரப்பி இரண்டு மூன்று கிராம்தான். அதே அளவு பெக்கரலை அவ்வளவு சிறிய எடையால் வகுத்துப் பாருங்கள், பெரியவர்களுக்கு விழுவதைப் போல எட்டு பத்து மடங்கு கிரே. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பிறகு பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா பக்கம் ஆயிரக்கணக்கானோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்ததும் இப்படித்தான், எல்லாரும் அப்போது பிள்ளைகளாக இருந்தவர்கள். புல்லில் விழுந்த அயோடின், மாட்டுக்குள் போய், பாலில் வந்து, குழந்தையின் கழுத்தில் சேர்ந்தது. பேரன் பத்து நாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று 'அம்மாச்சி டாட்டா' என்றான். நான் உள்ளே இருந்து கை ஆட்டினேன். கணக்கு தெரிந்திருந்ததால் அழுகையை அடக்க முடிந்தது என்று சொல்லமாட்டேன், கதவைத் திறக்காமல் இருக்க முடிந்தது.

பலன்? மூன்று மாதத்தில் படபடப்பு போயே போச்சு. ஐந்தாவது மாதம் எதிர்ப்பக்கம் போய்விட்டது, எப்போதும் தூக்கம், கால் வீக்கம், தைராய்டை வேலை செய்யத் தூண்டுகிற டிஎஸ்ஹெச் ஹார்மோன் எகிறிவிட்டது. இதை முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள், சுரப்பி செத்தால் ஹார்மோன் எங்கிருந்து வரும்? இப்போது காலையில் வெறும் வயிற்றில் அந்த ஹார்மோனையே மாத்திரையாக, தைராக்சின் 100 மைக்ரோகிராம், ஆயுசுக்கும். கரும்பலகையில் கோடு நேராக வருகிறது. செலவு, சோதனைகள் எல்லாம் சேர்த்து எனக்கு இருபதாயிரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, காப்பீட்டில் வெளிநோயாளி என்று சொல்லித் தரவில்லை.

போகிறவர்களுக்கு: காலை ஏழு மணிக்கே போய்விடுங்கள், முதல் ஆளாக இருந்தால் பத்துக்குள் வெளியே வரலாம். தேதியை ரிசப்ஷனில் கேட்காமல் நேராக அணு மருத்துவப் பிரிவுக்கே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு கேட்பதென்றால் வெள்ளைக் கோட் போட்ட அந்த இயற்பியல் தம்பியைக் கேளுங்கள், பில்லின் பின்பக்கத்தை வெறுமையாக வைத்திருங்கள்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். தம்பிக்குத் தனியாக ஐந்து. கழித்ததில் கணக்கு கொடுக்காததற்கு அரை, தேதிக் குழப்பத்துக்கு அரை, ஆங்கிலத் தாளுக்கு அரை. மீதி அரை, நோயாளிகளுக்கு மட்டும் என்று பெரிதாக மஞ்சள் பலகை மாட்டிய அந்தத் தனிக் கழிவறைக்கு. இவ்வளவு ஈயமும் கருவியும் வாங்கியவர்கள், அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வாங்கவில்லை, வாசலில் வீட்டுக்காரரைக் காவலுக்கு நிறுத்தவேண்டி வந்தது, அதுவும் இரண்டு மீட்டர் தள்ளி.